எந்தக் கணக்கில் அந்தத் தேதி?

1

“பயனரின் காலண்டர்களைப் பட்டியலிடும்.”

ஒரு மென்பொருள் கருவிக்கு இருந்த விளக்கம் மொத்தமும் இவ்வளவுதான். இதை விரித்து எழுதித் தரச் சொன்னார்கள். என் பிழைப்பு அதுதான்: மென்பொருள் செய்கிறவர்கள் எழுதாமல் விட்டதை எழுதுவது. பெரம்பலூரில் உட்கார்ந்துகொண்டே செய்யலாம்.

இந்தக் கருவியைப் பயன்படுத்தப்போவது மனிதர் இல்லை. ‘ஏஐ ஏஜென்ட்’ என்று இப்போது எல்லாரும் சொல்கிற செயற்கை நுண்ணறிவு உதவியாளர். “வர்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம் பல் டாக்டரைப் பார்க்கணும், குறிச்சு வை” என்றால் பதில் சொல்லிவிட்டுச் சும்மா இருக்காது. நம் காலண்டரைத் திறந்து, காலி நேரம் பார்த்து, எழுதியும் வைக்கும். அதற்குக் கருவிகள் வேண்டும். அவற்றை ஏஜென்ட்டின் முன்னால் எப்படி எடுத்துவைப்பது என்பதற்கு 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் எம்.சி.பி. என்றொரு பொதுமுறையை வெளியிட்டது. அதன்படி ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், என்னென்ன கொடுக்க வேண்டும் என்ற வடிவம் ஆகியவை இருக்கும். ஏஜென்ட் பொதுவாகக் கருவியின் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. விளக்கத்தை வாசிக்கும், நம்பும், கூப்பிடும். விளக்கத்தில் இல்லாததை அது ஊகிக்கும். அங்கேதான் வம்பு.

காலண்டர்களைப் பட்டியலிடும் கருவிதான் வரிசையில் முதலில் கூப்பிட வேண்டியது. ஏனென்றால் யாருக்கும் ஒரே ஒரு காலண்டர் இருப்பதில்லை. வேலைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, பிறந்தநாள்களுக்கு ஒன்று, அரசு விடுமுறைக்கு ஒன்று. கூகுள் காலண்டரில் இதே வேலையைச் செய்யும் வசதிக்குக் ‘காலண்டர்லிஸ்ட்’ என்று பெயர். ஒவ்வொரு காலண்டருக்கும் அது ஓர் ஐடி, ஒரு பெயர், ஒரு விவரக் குறிப்பு, நேர மண்டலம், அதில் நமக்குள்ள உரிமை ஆகியவற்றைத் தரும். உரிமை நான்கு படிகள்: உடைமையாளர், எழுதலாம், வாசிக்கலாம், காலியா இல்லையா என்று மட்டும் பார்க்கலாம்.

எழுத உட்கார்ந்தபோது ஒரு சொல் இடித்தது. காலண்டர். தமிழில் பேசும்போது இந்தச் சொல்லை நாம் இரண்டு பொருளில் புழங்குகிறோம். ஒன்று, நிகழ்ச்சிகளைப் போட்டுவைக்கிற பெட்டி. இன்னொன்று, நாள்களை எண்ணுகிற முறை: ஆங்கிலக் காலண்டர், தமிழ்க் காலண்டர், ஹிஜ்ரி. கருவி பட்டியலிடுவது பெட்டிகளை. எண்ணும் முறை ஒன்றுதான் என்று சொல்லாமலே வைத்துக்கொள்கிறது. நான் வாழ்கிற இரண்டு மாவட்டங்களில் அப்படி ஒரு முறை மட்டும் புழங்கிய காலம் எதுவும் எனக்குத் தெரிந்து கிடையாது. “என்ன தேதி?” என்ற கேள்விக்கு முன்னால் “எந்தக் கணக்கில்?” என்ற கேள்வி இங்கே ஆயிரம் வருஷமாக நின்றுகொண்டிருக்கிறது. அந்தக் கேள்வியை யார் யார் எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்த்தால், இந்தக் கருவிக்கு விளக்கம் எழுதுவதற்கான பாடம் அதிலேயே இருக்கிறது.

2

‘பொன்னியின் செல்வன்’ வாசித்தவர்களுக்குப் பழுவேட்டரையரைத் தெரியும். அவர்கள் ஊரான பழுவூர், அரியலூர் மாவட்டத்தில் கீழப்பழுவூர், மேலப்பழுவூர் என்று இன்றும் இருக்கிறது. அங்குள்ள கோயில்களில் அந்தக் குடும்பத்தார் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. ஆனால் தேதி அவர்களுடையது இல்லை. சிற்றரசன் கொடுத்த தானத்துக்கும் சோழ அரசனின் ஆட்சியாண்டுதான் தேதி. இன்ன அரசர்க்கு யாண்டு இத்தனையாவது என்று தொடங்கும். நூறு, ஆயிரம் என்று ஓடும் தொடர் ஆண்டு கிடையாது. ஒவ்வோர் அரசனோடும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். கணினிக்காரர் கண்ணால் பார்த்தால், ஒவ்வோர் அரசனும் ஒரு தனிக் காலண்டர்.

சிக்கல் பெயரில் வருகிறது. சோழர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற இரண்டு பட்டங்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்கள். விஜயாலயன் பரகேசரி, முதலாம் ஆதித்தன் ராஜகேசரி, முதலாம் பராந்தகன் பரகேசரி, கண்டராதித்தன் ராஜகேசரி என்று போகும். சுந்தர சோழனும் ராஜகேசரி, ராஜராஜனும் ராஜகேசரி. ஒரு கல்வெட்டில் ராஜகேசரியின் 5-ஆம் ஆண்டு என்று மட்டும் இருந்தால் எந்த ராஜகேசரி? அந்த ஒற்றைத் தேதி நூறு வருஷத்துக்கு மேல் முன்னும் பின்னும் ஆடும். செதுக்கியவருக்கும் அன்று வாசித்தவருக்கும் குழப்பமே இல்லை. அவர்களுக்கு ராஜகேசரி என்றால் இப்போது ஆள்கிறவர், அவ்வளவுதான். குழப்பம் பின்னால் வந்த நமக்கு.

சோழர்கள் காலத்திலேயே இதற்குப் பரிகாரமும் தோன்றிவிட்டது. பராந்தகனுக்கு ‘மதுரை கொண்ட’ என்று ஓர் அடைமொழி சேர்ந்தது. ராஜராஜன் காலத்தில் மெய்க்கீர்த்தி நிலையான வழக்கமானது. அரசனின் வெற்றிகளை வரிசையாகச் சொல்லிவிட்டுப் பிறகுதான் ஆண்டைச் சொல்வார்கள். நமக்கு அது புகழ்ச்சியாகத் தெரிகிறது, புகழ்ச்சியும்தான். கூடவே அது ஒரு விவரக் குறிப்பு. எந்தக் காலண்டர் என்பதைச் சந்தேகமில்லாமல் அடையாளம் காட்டுகிறது. ஆட்சி நீள நீள மெய்க்கீர்த்தியும் நீளும். ராஜேந்திரனின் கடார வெற்றி 1025-ஐ ஒட்டி நடந்தது. அதற்கு முந்தைய கல்வெட்டுகளில் அது இருக்க முடியாது. ஆண்டு எண் சிதைந்த கல்லாக இருந்தாலும் மெய்க்கீர்த்தி எதுவரை வந்திருக்கிறது என்று பார்த்து ஏறக்குறைய எந்த வருஷம் என்று சொல்லிவிடலாம்.

காலண்டர் கருவியில் இதே பிரச்சினை வேறு உருவத்தில் வருகிறது. சோதனைக்காக நான் திறந்த கணக்கில் ‘வீடு’ என்ற பெயரில் இரண்டு காலண்டர்கள். ஒன்று நான் வைத்திருப்பது, இன்னொன்று அம்மா என்னோடு பகிர்ந்தது. “வீடு காலண்டர்ல போடு” என்றால் ஏஜென்ட் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துவிடலாம். பெயர் மனிதருக்கு, ஐடி கருவிக்கு. பெயர் ஒன்றாக இருந்தால் விவரக் குறிப்பைப் பார், அதிலும் தெளியாவிட்டால் ஆளிடம் கேள். பழுவூர்க் கல்வெட்டுகளை வாசித்த அறிஞர்கள் செய்ததும் ஏறக்குறைய இதுதான். அவர்களுக்குக் கேட்பதற்கு ஆள் இல்லை.

3

கங்கைகொண்ட சோழபுரம் பழுவூருக்குக் கிழக்கே, அதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. அந்த ஊரைத் தலைநகராக்கிய ராஜேந்திரனின் ஆட்சியாண்டு 1012-இலிருந்து எண்ணப்படுகிறது. ஆனால் ராஜராஜன் 1014 வரை இருந்தார். அப்பாவின் 28-ஆம் ஆண்டும் மகனின் முதலாம் ஆண்டும் ஒரே சமயத்தில் ஓடின. ஒரே நாட்டில் ஒரே நாளுக்கு இரண்டு செல்லுபடியாகும் தேதிகள்.

1012 என்ற எண்ணே எப்படிக் கிடைத்தது? ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்த கீல்ஹார்ன், சோழர் கல்வெட்டுகளின் தேதிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கணக்குப் போட்டார். நல்ல கல்வெட்டு ஒன்று ஆட்சியாண்டோடு நிற்காது. மாதம், வளர்பிறையா தேய்பிறையா, திதி, கிழமை, நட்சத்திரம் எல்லாம் தரும். மாதம் சூரியக் கணக்கு, திதி சந்திரக் கணக்கு, கிழமை ஏழு நாள் சக்கரம், நட்சத்திரம் இன்னொரு சக்கரம். இவை நான்கும் ஒன்றாகப் பொருந்துகிற நாள் பல வருஷங்களுக்கு ஒன்றுதான் அகப்படும். அப்படிப் பல கல்வெட்டுகளின் நாள்களைக் கண்டுபிடித்துப் பின்னோக்கிப் போனால், ஆட்சி தொடங்கிய காலம் சில மாத இடைவெளிக்குள் அடைபட்டுவிடுகிறது. தேவைக்கு அதிகமாக எழுதிவைத்த செதுக்குநரின் பழக்கம்தான் வரலாற்றாசிரியருக்குப் பிடிமானம். ஒன்று தப்பாக வெட்டப்பட்டிருந்தாலும் மற்றவை காட்டிக்கொடுத்துவிடும்.

இதே ஊரில் இன்றைய கணக்குக்கும் ஒரு சோதனை இருக்கிறது. ராஜேந்திரன் பிறந்தது ஆடித் திருவாதிரை. தமிழ்நாடு அரசு 2021-இல் அதை அரசு விழாவாக அறிவித்தது. 2025-இல் திருவாதிரை ஜூலை 23 அன்று வந்தது, விழா 27 வரை நடந்தது. இப்போது ஏஜென்ட்டிடம் “ஆடித் திருவாதிரையை வருஷா வருஷம் ஞாபகப்படுத்து” என்று சொல்லிப் பாருங்கள். விவரம் தெரியாத ஏஜென்ட் ஜூலை 23 என்று போட்டு, ‘ஆண்டுதோறும்’ என்று டிக் அடித்துவிடும். அடுத்த வருஷமே தப்பு. நட்சத்திரச் சக்கரம் 27 நாளுக்குச் சற்று அதிகம். 13 சுற்று முடிந்தால் 355 நாள். ஆக ஒவ்வொரு வருஷமும் ஏறக்குறைய 10 நாள் முன்னால் வரும். 2026-இல் அப்படிப் பார்த்தால் ஜூலை 13 வாக்கில் வரவேண்டும். ஆனால் அது ஆனி மாசம், ஆடியே பிறந்திருக்காது. ஆகவே அடுத்த சுற்றுக்குக் காத்திருந்து ஆகஸ்ட் 9, 10 வாக்கில் வரும். சில வருஷங்களில் ஆடிக்குள் இரண்டு திருவாதிரையும் வரலாம்.

இதற்கு மாறாகப் பெரம்பலூர்ப் பக்கம் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலைப் பாருங்கள். திங்களும் வெள்ளியும் நடை திறக்கும், விசேஷ நாள்கள் தனி. காலண்டர் நிகழ்ச்சிகளுக்கான உலகப் பொதுவடிவம் ஐகேலண்டர். ஆர்.எஃப்.சி. 5545 என்ற எண்ணில் 2009-இல் வந்த ஆவணம் அதை வரையறுக்கிறது. அதில் சிறுவாச்சூரை ஒரே வரியில் எழுதிவிடலாம்: வாராவாரம், திங்கள், வெள்ளி. கங்கைகொண்ட சோழபுரத்தை எழுத வழியில்லை. ஆங்கிலம் அல்லாத காலண்டர்களுக்காக 2015-இல் ஆர்.எஃப்.சி. 7529 வந்தது. அது யூனிகோடின் காலண்டர் பட்டியலை நம்பியிருக்கிறது. அந்தப் பட்டியலில் எத்தியோப்பிய, ஹீப்ரு, பாரசீக, சீன, பௌத்தக் காலண்டர்கள் எல்லாம் இருக்கின்றன. ‘இந்தியன்’ என்றும் ஒன்று இருக்கிறது. அது மேகநாத் சாகா தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 1957 மார்ச் 22 முதல் நடைமுறைக்கு வந்த தேசிய சக காலண்டர். தமிழ்க் காலண்டர் அதில் இல்லை. ஆடி மாசம் அந்தப் பட்டியலுக்கு வெளியே பிறக்கிறது.

4

கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சி. வீரமாமுனிவர் என்று நாம் அழைக்கிற கான்ஸ்டன்டைன் பெஸ்கி இங்கே பல ஆண்டுகள் இருந்தார். அவருடைய சதுரகராதி 1732-ஐச் சேர்ந்தது. அவர் இயேசு சபைக்காரர், இத்தாலியர். ஆகவே அவர் காலண்டர் 1582-இல் போப் கிரகோரி திருத்தியது. தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ்காரர்கள் 1700-இல் அந்தத் திருத்தத்துக்கு வந்துவிட்டார்கள். கடலூரில் இருந்த ஆங்கிலேயர் வரவில்லை. அவர்கள் 1752 வரை பழைய ஜூலியன் கணக்கில்தான் எழுதினார்கள்.

ஆக 1735-இல் ஏலாக்குறிச்சியில் கிறிஸ்துமஸ் பூசை நடந்த நாளன்று, கடலூர்க் கோட்டையில் டிசம்பர் 14. பதினொரு நாள் வித்தியாசம். இன்னொன்றும் உண்டு. ஆங்கிலேயருக்கு அப்போது சட்டப்படி புத்தாண்டு பிறப்பது மார்ச் 25. ஏலாக்குறிச்சியில் 1735 பிப்ரவரி என்றால் அவர்கள் ஏட்டில் அது இன்னும் 1734. அதே காலத்தில் ஊர்க்காரர்களுக்கு வருஷம் ராட்சஸ, நள, பிங்கள என்று அறுபது பெயர்ச் சக்கரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இலிருந்து எழுதிய நாட்குறிப்பில் தமிழ் வருஷம், மாசம், தேதி, கிழமையோடு ஐரோப்பியத் தேதியையும் சேர்த்தே எழுதினார். இரண்டு உலகத்தோடும் வியாபாரம் செய்தவருக்கு ஒரு தேதி போதாது. அறுபது வருஷப் பெயர் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குத் ‘தாது வருஷப் பஞ்சம்’ நல்ல உதாரணம். 1876-இல் தொடங்கிய அந்தப் பஞ்சத்தின் பெயர் மக்கள் வாயில் அப்படியே நின்றுவிட்டது. ஆனால் 1936-உம் தாதுதான், 1996-உம் தாதுதான். பஞ்சம் என்ற சொல்தான் எந்தத் தாது என்று சொல்கிறது.

கருவியில் இதற்கு நிகரான இடம் நேர மண்டலம். நம் ஊர்க் காலண்டர்களுக்கெல்லாம் ‘ஏஷியா, கொல்கத்தா’ என்று வரும். நேர மண்டலத் தரவுத்தளத்தில் சென்னை என்று தனியாக ஒன்று இல்லை. ஆனால் கொல்கத்தா என்ற அதே பதிவுக்குள் போய்ப் பார்த்தால், 1870 முதல் 1906 வரை மெட்ராஸ் நேரம் ஒளிந்திருக்கிறது: கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 10 விநாடி முன்னால். பெயர் ஒன்று, உள்ளே வேறு வேறு காலத்தின் கணக்குகள். எந்த மண்டலம் என்று சொல்கிற கருவி, நாள் எப்போது தொடங்குகிறது என்று சொல்வதில்லை. பஞ்சாங்கத்துக்கு நாள் தொடங்குவது சூரிய உதயத்தில், ஹிஜ்ரிக்குச் சூரியன் மறைந்ததும், கருவிக்கு நள்ளிரவில். அதிகாலை மூன்று மணிக்கு வைத்த வேண்டுதலுக்கு எந்த நாள் என்று கேட்டால் ஒரே பதில் வராது.

5

ஆட்சியாண்டெல்லாம் பழங்கதை என்று நினைப்பவர்கள் மே, ஜூன் மாசத்தில் குன்னம், வேப்பந்தட்டை, செந்துறை, உடையார்பாளையம் என்று எந்தத் தாலுகா அலுவலகத்துக்கும் போய்ப் பார்க்கலாம். ஜமாபந்தி நடக்கும். கிராமக் கணக்குகளைத் தணிக்கை பண்ணி, மனு வாங்குவார்கள். வெளியே கட்டியிருக்கும் பேனரில் பசலி வருஷம் போட்டிருக்கும்.

2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரை பசலி 1435. இந்த எண் எங்கிருந்து வந்தது? பசலி என்பது அறுவடைக்கேற்ற வரி வருஷம். ஹிஜ்ரி வருஷம் 354, 355 நாள்தான், அதில் வரி வசூலித்தால் விளைச்சலுக்கு முன்னாலேயே கிஸ்தி கட்டச் சொல்லும் நிலை வரும். அதனால் எண்ணை மட்டும் ஹிஜ்ரியிலிருந்து எடுத்துக்கொண்டு, நீளத்தைச் சூரிய வருஷமாக்கினார்கள். வடக்கே இது அக்பர் காலத்தில் ஹிஜ்ரி 963-இலிருந்து தொடங்கியது. தக்காணத்துக்கு ஷாஜகான் காலத்தில், 1636-இல், ஹிஜ்ரி 1046 நடந்தபோது வந்தது. அதற்குள் ஹிஜ்ரி முன்னே ஓடிவிட்டதால் இரண்டு பசலிக்கும் நடுவில் இரண்டு வருஷ வித்தியாசம். இன்றைக்கும் நமக்கு 1435 நடக்கும்போது உத்தரப் பிரதேசத்தில் பசலி 1433.

மறுபடியும் ராஜகேசரிக் கதைதான். ஒரே பெயர், இரண்டு காலண்டர். அதோடு ஹிஜ்ரி 1435 என்றும் ஒரு வருஷம் இருந்தது, அது 2013 நவம்பரில் தொடங்கி 2014 அக்டோபரில் முடிந்துவிட்டது. “பசலி 1435 ஜமாபந்திக்கு மனு கொடுக்கணும், தேதி பார்த்து வை” என்று ஒரு விவசாயி ஏஜென்ட்டிடம் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எண்ணைப் பார்த்து ஹிஜ்ரி என்று அது எடுத்துக்கொண்டால், முடிந்துபோன வருஷம் என்று விட்டுவிடும். வடக்கத்திப் பசலி என்று எடுத்துக்கொண்டால் இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது என்று சொல்லும். இரண்டிலும் அந்த மனிதர் இந்த ஜமாபந்தியைத் தவறவிடுவார். பட்டா மாற்றம் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போகும்.

பசலி பிறக்கும் நாளும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. முதலில் ஆடி 1. 1800 வாக்கில் கம்பெனி அரசு அதை ஜூலை 13 என்று நிலைப்படுத்தியது. 1855-இல் ஜூலை 1 ஆக்கியது. அன்றைக்கு ஆடி 1 ஜூலை 13-ஐ ஒட்டி வந்தது, இன்றைக்கு ஜூலை 17-இல் வருகிறது. உழுகிறவர் இன்னும் ஆடிப்பட்டம் தேடி விதைக்கிறார், கணக்கு ஜூலை ஒன்றில் திறக்கிறது. எங்கள் சித்தப்பா வெங்காயம் போடுகிறவர். இதைப் பற்றிப் பேசினால், “கணக்கு அவங்களுது, காடு நம்மளுது, ரெண்டும் ஒண்ணா நடக்கணும்னு யாரு சொன்னா?” என்பார்.

கருவியில் உள்ள ‘உரிமை’ என்ற புலத்தை எழுதும்போது இந்த வாக்கியம்தான் உதவியது. எல்லாக் காலண்டரையும் எல்லாரும் மாற்ற முடியாது. உடைமையாளர் மாற்றினால் மற்றவர்களுக்குத் தானாக மாறிவிடும். 2008-இல் ஒரு சட்டம் தமிழ்ப் புத்தாண்டைத் தை முதல் நாளுக்கு நகர்த்தியது, 2011-இல் அது ரத்தாகிச் சித்திரைக்கே திரும்பியது. அரசு விடுமுறைக் காலண்டரை வாசிக்க மட்டும் உரிமையுள்ள நம் எல்லாருக்கும் இரண்டு தடவையும் அது தானாகத்தான் மாறியது.

6

இத்தனைக் கணக்குகளையும் ஒருவர் உட்கார்ந்து எழுதிவைத்தாரா? வைத்தார்கள். அவர்களைத்தான் என் தொழிலின் முன்னோர் என்று சொல்லிக்கொள்ள ஆசைப்படுகிறேன்.

ஜான் வாரன் மெட்ராஸ் வானாய்வகத்தில் வேலை பார்த்தவர். தென்னிந்தியக் காலக் கணக்கு முறைகளைத் தொகுத்து 1825-இல் மெட்ராஸில் ‘கால சங்கலிதா’ என்ற பெரிய நூலை வெளியிட்டார். அவர் புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கிற தமிழர் ஒருவரைச் சந்தித்தார். அந்த மனிதர் சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களின் அசைகளை எண்களாக மாற்றிச் சந்திர கிரகணத்தைக் கணித்தார். எழுதவே இல்லை. 1825 மே 31 இரவு நடந்த கிரகணத்தின் தொடக்கம் நான்கு நிமிடம்தான் பிசகியது. நடுப்பகுதி 23 நிமிடம், முடிவு 52 நிமிடம் தள்ளிப்போனது. இந்தச் சம்பவத்தைப் பின்னால் எடுத்துப் பேசிய கணித வரலாற்றாசிரியர் நியூகபாவர், அந்தக் கணக்கின் வேர் பாபிலோனியக் களிமண் பலகைகள் வரை போகிறது என்று காட்டினார். சந்திரனுக்கான 248 நாள் சுற்று இரண்டு இடத்திலும் இருக்கிறது.

இதில் என்னைப் பிடித்து நிறுத்துவது வேறு ஒன்று. வாரன் பார்த்தவரை அந்தக் கணிதருக்கு வானியல் கோட்பாடு எதுவும் தெரியாது. ஏன் இப்படி என்று அவரால் சொல்ல முடியாது. ஆனால் எந்த வாக்கியத்தை எப்போது எடுக்க வேண்டும், எதனோடு எதைக் கூட்ட வேண்டும் என்பது துல்லியமாகத் தெரியும். ஏஜென்ட்டின் நிலைமைக்கு இதைவிடப் பொருத்தமான உவமை எனக்குக் கிடைக்கவில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் கருவியை எடுத்துக் கையாள்கிறது. வித்தியாசம் ஒன்றே ஒன்று: சோழிக்காரரின் வாக்கியங்களைத் தலைமுறை தலைமுறையாகக் கிரகணங்களோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஏஜென்ட்டின் ஒரு வரி விளக்கத்தை யாரும் எதனோடும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

இரண்டாமவர் எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை. பின்னாளில் சென்னை சட்ட மேலவையின் தலைவராக இருந்து, 1925-இல் அந்தப் பதவியிலேயே இறந்தார். 1911-இல் ‘இந்தியன் குரோனாலஜி’, 1922-இல் கி.பி. 700 முதல் 1799 வரைக்கான ‘இந்தியன் எஃபிமெரிஸ்’ தொகுதிகள். ஆயிரத்து நூறு வருஷத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஆங்கிலத் தேதி, திதி, நட்சத்திரம் எல்லாம் கணக்குப் போட்டு வரிசையாக அச்சிட்டார். கல்வெட்டு வாசிக்கிறவர் இனிமேல் கீல்ஹார்ன் மாதிரி கணிதராக இருக்க வேண்டியதில்லை, பக்கத்தைப் புரட்டினால் போதும். கணினிக்கு முந்தைய காலத்தில் ஒரு மனிதர் செய்த கருவி அது. அவர் அட்டவணையோடு நிற்கவில்லை. எப்படி வாசிப்பது, எந்த வழக்கு எந்த வட்டாரத்துடையது, எங்கே ஒரு நாள் முன்பின்னாக வரலாம் என்பதையெல்லாம் எழுதினார். அட்டவணையைவிட அந்தப் பக்கங்கள் எனக்குப் பெரிசாகத் தெரிகின்றன.

பெயரில்லாத மூன்றாமவர்களும் உண்டு. சிவகாசியில் அச்சாகி நம் வீட்டுச் சுவரில் தொங்குகிற தினசரிக் காலண்டரை எடுத்துப் பாருங்கள். ஒரு தாளில் ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, திருவள்ளுவர் ஆண்டு, ஹிஜ்ரி, திதி, நட்சத்திரம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே அதன் பெயர் இருக்கும். வாக்கியமா திருக்கணிதமா என்று சொல்லிவிடுகிற காலண்டர்களும் உண்டு. அது அவசியம்தான். திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி 2025 மார்ச் 29, வாக்கியப்படி 2026-இல். திருநள்ளாறு கோயில் வாக்கியத்தைப் பின்பற்றுவதால் 2025-இல் அங்கே பெயர்ச்சி விழா கிடையாது என்று அறிவிக்க வேண்டி வந்தது.

7

கடைசியில் அந்த ஒரு வரி இப்படி ஆனது. தமிழில் தருகிறேன்:

“பயனர் பார்க்க உரிமையுள்ள காலண்டர்களைப் பட்டியலிடும். நிகழ்ச்சி தேடும் முன்னும் எழுதும் முன்னும் இதை முதலில் கூப்பிடவும். ஒரே பெயரில் பல காலண்டர்கள் இருக்கலாம், ஐடியைப் பயன்படுத்தவும், சந்தேகம் இருந்தால் பயனரைக் கேட்கவும். எழுதும் உரிமை இல்லாத காலண்டரில் எழுத முயல வேண்டாம். அடுத்த பக்கத்துக்கான குறி வந்தால் பட்டியல் இன்னும் முடியவில்லை. தேதிகள் எல்லாம் கிரகோரியன் கணக்கில், நாள் நள்ளிரவில் தொடங்கும். பயனர் வேறு கணக்கில் (பசலி, தமிழ் மாதம், திதி, நட்சத்திரம், ஹிஜ்ரி) தேதி சொன்னால் ஊகித்து மாற்ற வேண்டாம், அந்த ஆண்டுக்குரிய கிரகோரியன் தேதியை உறுதிசெய்துகொள்ளவும். அப்படிப்பட்ட நாளை ‘ஆண்டுதோறும்’ என்று பதிய வேண்டாம். இந்தப் பட்டியல் கேட்ட நேரத்து நிலைமை மட்டுமே.”

பரிசீலித்தவர்கள் இரண்டு இடத்தில் கேள்வி கேட்டார்கள். பசலி வரி எத்தனை பேருக்குத் தேவைப்படும் என்பது ஒன்று. தமிழ்நாட்டில் நிலம் வைத்திருக்கிற எல்லாருக்கும் என்று பதில் எழுதினேன். அந்த வரி நின்றது. கடைசி வாக்கியம் எதற்கு, அது தெரிந்ததுதானே என்பது இன்னொன்று. அதற்கு அரியலூரைத்தான் உதாரணம் காட்ட வேண்டியிருந்தது.

பெரம்பலூர் மாவட்டம் திருச்சியிலிருந்து 1995-இல் பிரிந்தது. அதிலிருந்து 2001 ஜனவரி 1 அன்று அரியலூர் தனி மாவட்டமானது. 2002 மார்ச் 31 அன்று மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். 2007 நவம்பர் 23 அன்று மறுபடி தனி மாவட்டம். இடையில் ஐந்தரை வருஷம். அந்தக் காலத்தில் அரியலூரிலேயே பிறந்த பிள்ளைகளுக்கும் மாவட்டம் பெரம்பலூர்தான். இதை வாசிக்கிறவர்களில் சிலர் அந்த வயசுக்காரர்களாகவே இருப்பீர்கள். எந்தத் தேதியில் எடுத்த மாவட்டப் பட்டியல் என்று கேட்காமல் உங்கள் பிறந்த மாவட்டத்தை யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. ஊர் எங்கேயும் போகவில்லை, பட்டியல்தான் போய்விட்டு வந்தது.